ஆவியில் வெந்ததெல்லாம் எல்லோருக்கும் ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 53. திருச்சியில் வசிக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு மூன்றடுக்கு மின் ஸ்டீமர் ஒன்றை வாங்கி அனுப்பினான். அன்று முதல் எண்ணெய் விட்டு வதக்குவதையே நிறுத்திவிட்டு எல்லாக் காய்களையும் அதில்தான் அவிக்கிறேன். பீன்ஸ் பழுப்பேறித் துவண்டுவிடுகிறது. காரட்டோ உள்ளே வேகாமல் நறுக்கென்று நிற்கிறது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள என் கணவர், "ஆவியில் வெந்ததுதானே" என்று காலையில் 6 இட்லி சாப்பிடுகிறார். சாப்பிட்ட பிறகு பார்க்கும் அளவு இறங்கவே இல்லை. 79 வயதாகும் என் மாமியாருக்குச் சிறுநீரகம் பலவீனம், பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கும் இதே காய்தான். தட்டில் வடியும் தண்ணீரைக்கூடச் சத்து வீணாகாமல் ரசத்தில் ஊற்றிவிடுகிறேன். பிளாஸ்டிக் கூடை சூட்டில் கெடுதல் செய்யுமா? அடியில் வெள்ளையாகப் படிந்து, இப்போது அடிக்கடி தானாகவே நின்றுவிடுகிறது. இதைத் தொடரலாமா, பரணில் போட்டுவிடட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, உங்கள் மாமியாரிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இருவர் விஷயத்தில் அவசரம் ஒன்றும் இல்லை. அவர் விஷயத்தில் மட்டும் இன்றைய மதியச் சமையலிலிருந்தே மாற்றம் வேண்டும்.

காயைத் தண்ணீரில் போட்டு வேகவைத்து வடிக்கும்போது, நீரில் கரையக்கூடிய வைட்டமின் சி, ஃபோலேட், பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆவியில் அவிக்கும்போது காய் நீரில் மூழ்குவதில்லை என்பதால் அந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. ஆவிச் சமையலை உணவு ஆலோசகர்களாகிய நாங்கள் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம். ஆனால் பொட்டாசியமும் நீரில் கரையக்கூடியதே. வைட்டமினைக் காப்பாற்றிக் கொடுக்கும் அதே ஆவி பொட்டாசியத்தையும் காய்க்குள்ளேயே காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அது நன்மை. பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அதுவே சுமை. ரத்தத்தில் அது மிகுந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடக்கூடும். ஆகவே உங்கள் வீட்டில் மூவரும் ஒரே கூடையிலிருந்து சாப்பிடுவதுதான் இப்போதுள்ள பெரிய பிழை, நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தீர்கள் என்றாலும்.

அவருக்கான காயைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, தாராளமான தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு தாளித்துக் கொடுங்கள். வடித்த நீர் ரசத்துக்கோ சாம்பாருக்கோ சூப்புக்கோ போகக் கூடாது. ஸ்டீமரின் சொட்டுத் தட்டில் தேங்குவதும் அவருக்கு ஆகாது. பீட்ரூட் அவித்த அன்று அந்தத் தட்டை எடுத்துப் பாருங்கள்: இரண்டு மூன்று கரண்டி அளவுக்குச் சிவப்பு நீர் தேங்கியிருக்கும். ஆவி காயின் மேல் பட்டுக் குளிர்ந்து நீராகி, கொஞ்சம் நிறத்தையும் கொஞ்சம் உப்புகளையும் கழுவிக்கொண்டு இறங்கிய நீர் அது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் வைக்கும் ரசத்தில் அதைத் தாராளமாகச் சேர்க்கலாம். மாமியாரின் ரசத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்ட பிறகு சேருங்கள்.

வடித்தாலும் பொட்டாசியம் முழுவதும் போய்விடாது. கீரை, உருளைக்கிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் போன்றவற்றில் அது அதிகம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைகோஸ் போன்றவற்றில் குறைவு. அவருடைய அண்மைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து எது, எவ்வளவு என்று வரையறுப்பது அவருடைய சிறுநீரக மருத்துவரின் வேலை. என் பதிலை வைத்துக்கொண்டு அதை முடிவு செய்துவிடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆவியில் வெந்தது சப்பென்று இருக்கிறதே என்று, "சோடியம் குறைந்த உப்பு" எனக் கடையில் விற்பதை வாங்கும் வழக்கம் இப்போது பல வீடுகளில் வந்திருக்கிறது. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உங்கள் வீட்டில் அந்தப் பொட்டலம் இருந்தால், மாமியாரின் சமையலுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

உங்கள் கணவருக்கு வருகிறேன். இட்லியில் எண்ணெய் இல்லை என்பது உண்மை. தோசைக்கு மேலும் கீழும் விடும் எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்று வைத்தாலும் அதில் ஏறக்குறைய 40 கலோரி இருக்கிறது. இட்லியில் அது மிச்சம். ஆனால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு முதற்காரணம் மாவுச்சத்து. ஆவி எண்ணெயைத் தவிர்க்க உதவுமே ஒழிய, அரிசியில் உள்ள மாவுச்சத்தில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. நைசாக அரைத்த மாவு ஆவியில் நன்றாக வெந்து பஞ்சு போல் ஆகும்போது செரிமானம் எளிதாகிறது. காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் இட்லி கொடுப்பது இதனால்தான். சர்க்கரை நோயாளி அளவு பார்த்துச் சாப்பிட வேண்டியிருப்பதும் இதனால்தான். இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, அவித்த சர்க்கரைவள்ளி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கேழ்வரகுப் புட்டு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பலர் நம்புகிறார்கள். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல் என்பது சரியே. ஆயினும் அதில் பெரும்பகுதி மாவுச்சத்துதான்.

ஆறு இட்லியை மூன்றாக்குங்கள். குறைத்த மூன்றின் இடம் தட்டில் வெறுமையாக இருந்தால் மனிதர் ஒரு வாரத்தில் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுவார். ஆகையால் அந்த இடத்தில் ஒரு கிண்ணம் நிறைய அவித்த காயும், ஓர் அவித்த முட்டையோ கெட்டியான பருப்புள்ள சாம்பாரோ இருக்கட்டும். இட்லியை வைக்கும் முன்பே காயைத் தட்டில் வைத்து அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஸ்டீமரின் மேல் அடுக்குகள் உங்கள் வீட்டில் பயன்பட வேண்டியது இப்படித்தான். இரண்டு வாரம், முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்த அளவையும் அன்று சாப்பிட்டதையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு இறங்கினாலும் மாத்திரையைத் தாமாகக் குறைக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி, பீன்ஸும் காரட்டும். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது; ஆவிச் சமையலைப் பலர் கைவிடுவதற்குக் காரணம் அதன் ருசியும் பதமும்தான், அதைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் பேசுவதே இல்லை.

ஆவி சமைக்கும் விதம் இதுதான்: காயின் குளிர்ந்த மேற்பரப்பில் பட்டதும் ஆவி மீண்டும் நீராகிறது; அப்போது தான் சுமந்து வந்த வெப்பத்தை அங்கேயே இறக்கி வைக்கிறது. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும்; அதே ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது ஏறக்குறைய 540 கலோரியை விடுகிறது. (இது இயற்பியலின் சிறு கலோரி, உணவுப் பொட்டலத்தில் போடும் கலோரி இதைப்போல் ஆயிரம் மடங்கு.) மூடியைத் திறக்கும்போது கை பொசுங்குவதும் இந்த வெப்பத்தால்தான். மூடியின் பின்பக்கத்தை முதலில் தூக்கி, ஆவி உங்களுக்கு எதிர்த்திசையில் போகும்படி திறக்கப் பழகுங்கள். நான் பழகியது முன்கையில் ஒரு கொப்புளம் வந்த பிறகு. காயின் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்த இந்த வெப்பம் உள்ளே போவது மட்டும் மெதுவாகத்தான் நடக்கும், அதற்குக் காயின் கனம்தான் கணக்கு. உங்கள் காரட் துண்டு ஓர் அங்குலக் கனமாகவும் பீன்ஸ் மெல்லியதாகவும் இருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் எடுத்திருந்தால், நீங்கள் எழுதியது அப்படியே நடக்கும். காரட்டை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி அடித்தட்டில் முதலில் வையுங்கள். ஆவி பலமாக வருவது கீழ்த்தட்டில்தான். மேலே போகப் போக ஒரு பகுதி வழியிலேயே நீராகிவிடும். 4 நிமிடம் கழித்து, ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கிய பீன்ஸை இரண்டாம் தட்டில் வைத்தால், மேலும் 8 நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகப் பதத்துக்கு வரும். கடிகாரத்தைத் தொடங்க வேண்டியது ஆவி எழுந்த பிறகு. சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதமாக வரும்.

பீன்ஸ் பழுப்பேறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காயிலேயே இயற்கையாக உள்ள சில அமிலங்கள் சூட்டில் வெளிப்பட்டு, பச்சையத்தின் நடுவில் உள்ள மெக்னீசியத்தைப் பிடுங்கிவிடுகின்றன; மெக்னீசியம் போனதும் பச்சை மங்கி, பழைய ஆலிவ் நிறமாகிவிடும். மூடி இறுக்கமாக இருப்பதால் அந்த அமில ஆவி வெளியேற வழியில்லை. பாதி நேரத்தில் மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். வெந்ததும் கூடையிலேயே விட்டுவைக்காமல் அகலமான தட்டில் பரப்புங்கள். உங்கள் ஸ்டீமரில் "சூடாக வைத்திரு" என்ற வசதி இருந்தால், பச்சைக் காய்களுக்கு அதை மறந்துவிடுங்கள். பச்சை நிறத்துக்காகச் சமையல் சோடா சேர்க்கச் சொல்வார்கள். நிறம் நிற்கும், ஆனால் வைட்டமின் பி1 அழிந்துவிடும்.

தட்டின் துளைகளை அடைக்கும்படி காயைக் குவிக்க வேண்டாம். மூன்று அடுக்கு இருக்கிறதே என்று மூன்றையும் நிரப்புவது வழக்கமான தவறு; இரண்டு பேருக்கான காய்க்கு இரண்டு தட்டு தாராளம். கீரைக்கும் முட்டைகோஸுக்கும் 4 முதல் 6 நிமிடம் போதும், பீட்ரூட் துண்டுகளுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். புடலை, பீர்க்கு, சுரை ஆகியவற்றுக்கு இந்த மெஷினே தேவையில்லை. மூடி போட்டு மிதமான தீயில் வைத்தால் தன் நீரிலேயே வெந்துவிடும் காய்கள் அவை. சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைப்பதுதான் நாவரிப்புக்கு நல்லது. மரவள்ளியைத் தோலுரித்து, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் அதில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. ராஜ்மா போன்ற முழுப் பயறுகளை ஊறவைத்து, தண்ணீரில் நன்கு கொதிக்கவிட்டோ குக்கரிலோதான் சமைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஆவிதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்காக இந்த விதிவிலக்குகளைச் சற்று விரித்துச் சொன்னேன்.

எண்ணெயை முற்றிலும் நிறுத்தியது எனக்கு உடன்பாடில்லை. காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஒரு துளி கொழுப்பாவது கூட இருந்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்கான மாதிரித் தட்டில்கூட நாளொன்றுக்கு 27 கிராம் கொழுப்பு, எண்ணெயையும் 400 கிராம் காய்கறியையும் வைத்திருக்கிறது. இரண்டாவதை எட்டாமல் முதலாவதை மட்டும் பூஜ்யமாக்குவதில் என்ன பயன்? காயை முக்கால் பதம் அவித்து எடுத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயை அதில் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, தேங்காய்த் துருவல் கொஞ்சம் தூவி இறக்குங்கள். மூன்று நான்கு தேக்கரண்டி எண்ணெய் குடிக்கும் பொரியல் ஒன்றில் முடிந்துவிடும், வீட்டில் முணுமுணுப்பும் அடங்கும். பருப்பு உசிலிக்கு அரைத்த பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்க்கும் வழக்கம் நம் சமையலில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் ஸ்டீமருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

மீன் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிடும் வீடென்றால், மஞ்சள், மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவிய வஞ்சிரம் துண்டுகளை வாட்டிய வாழை இலையில் மடித்து வைத்தால் மசாலா வழிந்து போகாது. இலை தட்டின் எல்லாத் துளைகளையும் மூடாமல் ஓரத்தில் இடைவெளி இருக்கட்டும். இரண்டு சென்டிமீட்டர் கனத் துண்டுக்கு, இலையோடு சேர்த்து 12 நிமிடம் ஆகும். நடுவில் கத்தி முனையால் பிரித்தால் சதை வெண்மையாகச் செதில் செதிலாகப் பிரிய வேண்டும். மீனோ கோழியோ எப்போதும் அடித்தட்டில்தான். மேல்தட்டில் வைத்தால் வேகாத இறைச்சியின் நீர் கீழே உள்ள காயின் மேல் சொட்டும்.

பிளாஸ்டிக் கூடையைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும் அருகில் பிபி என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அது உருகுவதற்கு 160 டிகிரி அளவில் சூடு வேண்டும். அழுத்தம் இல்லாத இந்த ஸ்டீமரில் ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. பலர் அஞ்சும் பிபிஏ என்ற பொருள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைச் சார்ந்தது, அது 7 என்ற எண்ணின் கீழ் வரும். எண்ணே இல்லாவிட்டாலும், கூடையில் விரிசலோ சுரண்டலோ கண்டாலும், அதற்குள் பொருந்தும் துளையிட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பாத்திரக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பரணில் போட வேண்டாம். அதே சமயம், உங்கள் பழைய இட்லிப் பானை செய்யாத எதையும் இது செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டிலும் வருவது ஒரே ஆவிதான். இட்லிக்கு நான் இன்றும் பானையையே வைக்கிறேன், அடுப்பில் ஆவி சீறி எழும் வேகத்தில் இட்லி உப்பி வருவதுபோல் இதில் வருவதில்லை. நேரம் முடிந்ததும் தானாக நிற்பதும், ஒருவர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லாததும்தான் இதன் லாபம். 800 வாட் ஸ்டீமர் அரைமணி நேரம் ஓடினால் 0.4 யூனிட் ஆகும். மின் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

இடையில் நின்றுபோவதற்குக் காரணம் அநேகமாக அந்த வெள்ளைப் படிவுதான். போர்வெல் நீரில் உள்ள கால்சியம் உப்புகள் சூடேறும் தகட்டின் மேல் ஓடுபோல் படிந்துவிட்டால், சூடு நீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். தண்ணீர் வற்றிவிட்டது என்று எண்ணி ஸ்டீமர் தன்னை அணைத்துக்கொள்ளும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தகடு மூழ்கும்வரை ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். சுரண்ட வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தாலே படிவு உதிரும். இரண்டு முறை கழுவிக் கொட்டி, ஒருமுறை வெறும் தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிட்டு அந்த நீரையும் கொட்டிவிட்டுச் சமையலைத் தொடங்குங்கள். அதன் பிறகும் நின்றால் மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும். அதுவரை, மாமியாருக்குக் காய் வேகவைக்கும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு முன், அந்த ரசத்தை மட்டும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.